யார் உட்காரப் போறாங்க? பைக் சீட்டு வாங்குறதோட ஒரு சின்ன வரலாறு

இந்த எபிசோடை ஒரு மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்கிறேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தது. அந்த நேரம் நாகூர்ல எங்க வீட்டுக் கூடத்துல ஒரு பைக் சீட்டு, அட்டைப்பெட்டியோட அப்படியே கிடந்தது. என் வண்டியில அது மாட்டலை. திருப்பி எடுத்துக்க ஆளும் வரலை. தீர்ந்தது என்னோட பொறுமை மட்டும்தான்.

சீட்டுக்கு ஏன் ஒரு எபிசோடான்னு கேப்பீங்க. எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்தது. ஆனா அந்த ரெண்டு மாச அலைச்சல்ல, இந்தப் பொருளுக்குப் பின்னாடி ஒரு நல்ல வரலாறு இருக்குன்னு தெரிஞ்சது. அதனால கதையையும் வரலாற்றையும் கலந்தே சொல்றேன்.

முதல்ல கதை. என்கிட்ட இருக்கிறது கிளாசிக் 350. வீட்டிலிருந்தே வேலைங்கிறதால நாகூர்லயே இருந்த காலம் அது. எங்க உம்மாவோட தங்கச்சி, என் சாச்சி, காரைக்கால்ல இருக்காங்க. வாரத்துக்கு ஒரு தடவை உம்மா அங்க போகணும். போகலைன்னா அந்த வாரமே அவங்களுக்கு ஓடாது. பஸ்ல நின்னுட்டுப் போக முதுகு விடாது, டிஸ்க் பிரச்னை. ஆட்டோன்னா, "போக வர இவ்ளோவா?"ன்னு வேண்டாம்னுடுவாங்க. அதனால என் பைக்தான். வாஞ்சூர் தாண்டி, திருமலைராயன்பட்டினம் வழியா, மிஞ்சிப் போனா அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரம்தான் பிரச்னை. இந்த வண்டியில ஓட்டுறவருக்கு ஒரு சீட்டு, பின்னாடி உட்காருறவருக்குத் தனியா ஒரு சின்ன சீட்டு. பாக்க அழகு. உம்மா ஒருக்களிச்சுத்தான் உட்காருவாங்க, அதை மாத்தச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அந்தச் சின்ன சீட்டுல ஒருக்களிச்சு உட்கார்ந்தா பாதி உடம்பு வெளியில. ஒரு நாள் வாஞ்சூர்ல ஒரு வேகத்தடையில அவங்க வழுக்கினாங்க. விழலை, என் தோளைப் பிடிச்சுக்கிட்டாங்க. அடுத்த வாரம் "இந்த வாரம் வேணாம் தம்பி, அவளையே வரச் சொல்லு"ன்னாங்க. அதுக்கடுத்த வாரமும் அதே பதில். சாச்சிக்கு முழங்கால் வலி, அவங்களாலயும் வர முடியாது. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் போன்ல மட்டும் பேசிக்கிட்டாங்க.

அதனாலதான் சீட்டு மாத்தணும்னு கிளம்பினேன்.

இப்போ வரலாறு. கம்பெனி கொடுத்த சீட்டு பிடிக்காம வேற சீட்டு தேடுறது பைக்குக்கும் முந்தின பழக்கம். இங்கிலாந்துல பர்மிங்ஹாம் நகரத்துல ஜான் போல்ட்பீ புரூக்ஸ்னு ஒருத்தர், 1866-ல குதிரைச் சேணமும் தோல் சாமானும் செய்யுற தொழில் ஆரம்பிச்சார். கம்பெனி இன்னிக்கும் சொல்ற கதை என்னன்னா, 1878-ல அவரோட குதிரை செத்துப்போச்சு. வேலைக்குப் போக ஒரு சைக்கிளைக் கடன் வாங்கினார். சீட்டு தாங்க முடியலை. சேணம் செய்யுறவர் இல்லையா, தானே ஒண்ணு செய்யலாம்னு உட்கார்ந்தார். 1882-ல காப்புரிமை வாங்கினார். அந்த புரூக்ஸ் சீட்டுதான் பிறகு உலகம் பூரா போனது. ஒரு காலத்துல மோட்டார் சைக்கிளுக்கும் அவங்க சீட்டு செஞ்சாங்க.

என் வாப்பாவோட வாப்பா பினாங்குல கடை வச்சிருந்தவர். எங்க ஊர்ல அப்படிப் போறவங்களை சபுராளின்னு சொல்வோம். அப்போ நாகப்பட்டினத்துல இருந்தே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல். ரஜூலா கப்பலைப் பத்தி நம்ம வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க. அவர் ஒரு தடவை வரும்போது ராலே சைக்கிள் ஒண்ணு கொண்டுவந்தார், புரூக்ஸ் தோல் சீட்டோட. அந்தத் தோலுக்கு ஒரு குணம் உண்டு. ஓட்ட ஓட்ட, ஓட்டுறவரோட உடம்புக்குத் தகுந்த மாதிரி பதிஞ்சிடும். அப்புறம் வேற யாரு ஏறினாலும் குத்தும். சின்ன வயசுல வாப்பா அதைத் திருட்டுத்தனமா எடுத்துட்டுப் போய், இடுப்பு வலியோட திரும்பி வந்து மாட்டிக்குவாராம். சீட்டு ஓர் ஆளுக்கானதுங்கிறதுக்கு எங்க வீட்டுல இருந்த முதல் சாட்சி அதுதான்.

மோட்டார் சைக்கிள்ல ரொம்ப காலம் ஒத்தை சீட்டுதான். அடியில பெரிய ஸ்பிரிங் இருக்கும். காரணம் சிம்பிள்: பின் சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் கிடையாது. பள்ளத்துல இறங்கினா அடி நேரா முதுகுத்தண்டுக்கு வரும், அதைத் தாங்க சீட்டுக்கடியில இருந்த அந்த ஸ்பிரிங்தான் கதி. பின்னாடி யாராவது ஏறணும்னா மட்கார்டு மேல ஒரு மெத்தைத் துண்டு, அவ்வளவுதான். ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பின் சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் பரவலா வந்தது. ராயல் என்ஃபீல்டு புல்லட்டுக்கு 1940-களின் கடைசியில் வந்தது. சீட்டுக்கடியில ஸ்பிரிங் தேவையில்லாமப் போனதும், ரெண்டு பேர் உட்காருற நீள சீட்டு வந்தது. 1950-கள்ல அதுவே வழக்கமாச்சு.

அந்த புல்லட் நம்ம ஊருக்கு வந்த கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். 1955-ல இங்கிலாந்து ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினாங்க. திருவொற்றியூர்ல தொழிற்சாலை. முதல்ல அங்கிருந்து பாகங்கள் வரும், இங்க கோர்ப்பாங்க. 1960-களோட ஆரம்பத்துல பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பிச்சாச்சு. 1970-ல இங்கிலாந்துல அந்தக் கம்பெனியே மூடிப்போச்சு, திருவொற்றியூர் மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது. வண்டியும் பெருசா மாறலை. நம்ம கதைக்கு இந்த மாறாத தன்மை முக்கியம். ஏன்னா, அப்போ பத்து வருஷத்துக்கு முந்தின புல்லட்டோட சீட்டுத் தட்டும் புது வண்டியோடதும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருந்தது. ஒரு தடவை கத்துக்கிட்டா போதும், ஆயுசு பூரா அந்தத் தொழில் கைகொடுக்கும்.

இந்த இடத்துலதான் தமிழ்நாட்டுத் தெருவுக்கே உரிய ஒரு போர்டு வருது: "குஷன் ஒர்க்ஸ்". எல்லா ஊர்லயும் பாத்திருப்பீங்க. ஒரு தையல் மெஷின், சுவத்துல தொங்குற ரெக்ஸின் சுருள்கள், வாசல்ல சதை உரிச்ச மாதிரி நாலஞ்சு பழைய சீட்டு. பஸ் சீட்டு, டிராக்டர் சீட்டு, சோபா, ஆட்டோ, பைக் எல்லாம் ஒரே ஆள் செய்வார். ரெக்ஸின்ங்கிறதே ஒரு பிராண்டு பேருதான். மான்செஸ்டர் பக்கத்துல ஹைடுன்னு ஒரு ஊர், அங்க இருந்த ரெக்ஸின் கம்பெனி துணி மேல ரசாயனப் பூச்சு பூசி செயற்கைத் தோல் செஞ்சது. அந்தப் பேரு நம்ம ஊர்ல பொதுப் பேராயிடுச்சு. அதே மாதிரிதான் டன்லப். பர்மிங்ஹாம்ல 1929-ல டன்லப் ஆய்வாளர்கள் ரப்பர் பாலை நுரைக்க அடிச்சு மெத்தை செஞ்சாங்க. கேக் மாவு அடிக்கிற மிக்ஸர்லதான் முதல்ல அடிச்சாங்கன்னு சொல்வாங்க. இன்னிக்கு சீட்டுக்குள்ள இருக்கிறது வேற, பாலியூரிதேன். 1937-ல ஜெர்மனியில ஓட்டோ பேயர் கண்டுபிடிச்ச வேதியியல். ஆனா எங்க தெருவுல பாட்டிங்க இப்பவும் எந்த மெத்தையைத் தொட்டாலும் "டன்லப்பா?"ன்னுதான் கேப்பாங்க.

சரி, கஸ்டமர் சர்வீஸுக்கு வருவோம். லைசன்ஸ் ராஜ் காலத்துல வண்டி வாங்குறவருக்கு மரியாதை எப்படி இருந்திருக்கும்னு நினைக்கிறீங்க? பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்கா காத்திருந்தாங்க. பத்து வருஷம்னுகூட சொல்வாங்க. கிடைச்சதே பெருசு, இதுல சீட்டு குத்துதுன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? எத்தனை வண்டி செய்யலாம்ங்கிறதையே அரசு தீர்மானிச்ச காலம் அது. கம்பெனிக்கு வாங்குறவரைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அதனால உடம்பைப் பத்தின புகார் எல்லாம் தெருமுனைக்கு வந்தது, குஷன் கடைக்கு. குடும்பம் பூரா ஏறணும், நீளமாக்கு. அப்பா குள்ளம், கால் எட்டலை, பஞ்சைக் குறை. மழையில ஊறுது, உறை போடு. வண்டி வாங்கின கடை கேக்காத கேள்வியை எல்லாம் அந்த ஆள்தான் கேட்டார்.

நம்ம டெல்டாவுக்கு இன்னொரு கணக்கு உண்டு. 1980-ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்தது. ரெண்டு பேர் போகுற மொபெட். எங்க பக்கம் அது ரெண்டு பேரை ஏத்தினதைவிட நெல்லு மூட்டையை ஏத்தினதுதான் அதிகம். பின்னால வந்த எக்ஸ்எல் வண்டிகள்ல பின் சீட்டைக் கழட்டி மாட்டலாம். காலையில மூட்டை, சாயங்காலம் பொண்டாட்டி. கம்பெனி வாங்குறவரைப் பாத்து சீட்டு செஞ்ச அபூர்வமான சந்தர்ப்பம் அதுன்னு நான் நினைக்கிறேன். 1984, 85 வாக்குல ஜப்பான் கூட்டு வண்டிகள் வந்துச்சு. இண்டு-சுசுகி, ஹீரோ ஹோண்டா, யமஹா ஆர்எக்ஸ் 100. அப்புறம்தான் கடைக்காரர் "வாங்க சார், உட்காருங்க"ன்னார்.

கொஞ்சம் சட்டம் பேசலாம், போர் அடிக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986. டிசம்பர் 24-ல ஒப்புதல் கிடைச்சதால அந்த நாளைத்தான் தேசிய நுகர்வோர் தினம்னு கொண்டாடுறோம். ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்கு முந்தின சட்டம், வெள்ளைக்காரன் காலத்து 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம். அது இன்னிக்கும் அமல்ல இருக்கு. அதோட 16-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, பொதுவா வாங்குறவர்தான் பாத்து வாங்கணும், சரக்கு அவருக்குப் பொருந்தும்னு விக்கிறவர் பொறுப்பு ஏத்துக்கிட்டதா அர்த்தம் இல்லை. ஆனா ஒரு விதிவிலக்கு. எதுக்காக வாங்குறேன்னு நீங்க விக்கிறவர்கிட்ட சொல்லி, அவரோட தொழில் அறிவை நம்பி வாங்கினா, அவரும் அந்தத் தொழில்லயே இருக்கிறவர்னா, சரக்கு அந்த நோக்கத்துக்குப் பொருந்தியே ஆகணும். இதுக்குள்ளேயே இன்னொரு விதிவிலக்கும் இருக்கு: ஒரு குறிப்பிட்ட பிராண்டு பேரைச் சொல்லி அதையே வாங்கினா, இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

இதைப் படிச்சப்போ எனக்குச் சட்டுன்னு விளங்குச்சு. குஷன் கடையில போய் "எங்க உம்மாவுக்கு முதுகு வலி, ஒருக்களிச்சு உட்காருவாங்க"ன்னு சொன்னா, அந்த ஒரு வரியே ஒரு ஒப்பந்தம். ஆன்லைன்ல "டூரிங் சீட், பிரவுன், எண்ணிக்கை 1"னு அமுக்கினா, நான் யாருக்கும் எதுவுமே சொல்லலை. சொல்ல அங்க இடமே இல்லை.

நான் அமுக்கினேன்.

அதுக்கு முன்னாடி, சீட்டுக்கு இவ்வளவு பெரிய சந்தை எப்படி வந்ததுன்னு சொல்லிடுறேன். புல்லட்டுக்கு அலங்காரம் பண்ற வழக்கம் முன்னாடியே உண்டு. டெல்லிக்கு கரோல் பாக், சென்னைக்கு ஜி.பி. ரோடு, பழைய பாகம்னா புதுப்பேட்டை. ஆனா 2009-ல கிளாசிக் மாடல் இந்தியாவுல வந்தப்போ, பழைய கால அழகுக்காக அந்த ஸ்பிரிங் வச்ச ஒத்தை சீட்டைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. யோசிச்சுப் பாருங்க, சஸ்பென்ஷன் வந்ததால தேவையில்லாமப் போன ஸ்பிரிங், அம்பது அறுபது வருஷம் கழிச்சு ஸ்டைலா திரும்பி வருது! ஜனங்க ஆசையா வாங்கினாங்க. வாங்கின கையோட ரெண்டு பேர் உட்காருற சீட்டைத் தேடிக் கடைக்குப் போனாங்க. வெளியில சீட்டு செய்யுறவங்களுக்குக் கொண்டாட்டம். 2021 செப்டம்பர்ல அதே கிளாசிக் 350, புது இன்ஜின், புது ஃபிரேமோட வந்தது. பேரு அதே பேரு. உருவமும் தூரத்துல இருந்து பாத்தா அதே உருவம். ஆனா பழைய வண்டி சீட்டு புதுசுல உட்காராது.

என் பிரச்னை இந்த ஒரு வரியிலதான் இருந்தது. அந்தக் கடையோட பக்கத்துல "கிளாசிக் 350"னு மட்டும் போட்டிருந்தது. 4,800 ரூபாய். ஆறு நாள்ல வந்தது. நல்ல தையல், நல்ல பளபளப்பு, குறை சொல்ல முடியாது. வண்டி மேல வச்சா பின்பக்கக் கொக்கி இருக்க வேண்டிய இடத்துக்கு ரெண்டு விரல் தள்ளி நிக்குது. பழைய மாடலுக்கானது.

சாட்ல எழுதினேன். போட்டோ கேட்டாங்க, கொடுத்தேன். வீடியோ கேட்டாங்க, கொடுத்தேன். மூணு நாள் கழிச்சுப் பதில்: வீடியோவுல நீங்க சீட்டைப் பொருத்த முயற்சி செய்திருப்பது தெரிகிறது, பொருத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது. பொருத்திப் பாக்காம பொருந்தலைன்னு எப்படிங்க தெரியும்? இதையே எழுதிக் கேட்டேன். டிக்கெட்டை மூடிட்டாங்க. அதுக்கப்புறம் வந்ததுதான் அந்த நட்சத்திர மெசேஜ்.

போன்ல ஒரு தடவை ஒரு பொண்ணு கிடைச்சாங்க. அவங்க முன்னாடி இருந்த பட்டியல்ல நிறம் தவறு, சேதம், தாமதம், மனம் மாறியதுன்னு நாலஞ்சு காரணம்தான் இருந்ததாம். "எதைப் போடட்டும் சார்?"னு கேட்டாங்க. எனக்குக் கோபம். உம்மா கதையைச் சொல்லிட்டேன், வாஞ்சூர் வேகத்தடை வரைக்கும். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் குரலைக் குறைச்சு, "எங்கம்மாவும் ஒருக்களிச்சுத்தான் சார் உட்காருவாங்க. நீங்க 1915-க்குப் பண்ணுங்க"ன்னாங்க. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

2020-ல வந்த மின்வணிக விதிகள் உங்களுக்கும் உதவும், கேட்டுக்குங்க. குறை தீர்க்கும் அதிகாரி ஒருத்தர் இருந்தாகணும். புகாரை 48 மணி நேரத்துக்குள்ள பெற்றுக்கொண்டதாச் சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். விளம்பரத்துல சொன்னதும் வந்ததும் வேற வேறன்னா, திருப்பி எடுக்க மாட்டேன்னு விக்கிறவர் சொல்ல முடியாது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் சட்டப்படி, விக்கிறவர் எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம். நான் அதுவரைக்கும் போகலை. உதவி எண்ல பதிவு பண்ணினேன். இதுக்கு நடுவுல உம்மா சாச்சியைப் பாத்து ஏழு வாரம் ஆச்சு.

பணத்துக்குக் காத்துக்கிட்டிருந்தப்போதான், கடைசியில புத்தி வந்து, நாகூர்லயே இருக்கிற ஒரு குஷன் கடைக்குப் போனேன். அறுபது வயசு அண்ணன். என் பழைய சீட்டைத் தூக்கி அவர் முன்னாடி வச்சேன். கையில எடுக்கக்கூட இல்லை.

"யாரு தம்பி உட்காரப் போறாங்க?"

"உம்மாண்ணே."

"அப்போ உம்மாவைக் கூட்டிட்டு வாங்க. சீட்டை மட்டும் கொண்டாந்தா நான் என்ன ஜோசியமா பாக்குறது?"

உம்மாவுக்கு வெக்கம். கடைத்தெருவுல வண்டி மேல உட்காரணுமா? ஆட்டோவுல கூட்டிட்டுப் போனேன். வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு அவங்களை ஏத்தி உட்கார வச்சோம். அந்த அண்ணன் தள்ளி நின்னு பாத்தார். சீட்டைப் பாக்கலை, உம்மாவோட காலைப் பாத்தார். "அம்மா, காலு எங்க வைப்பீங்க?" உம்மா காட்டினாங்க. சேலை கார்டோட இருக்கிற அந்த மிதிகட்டை வரைக்கும் கால் எட்டலை, அஞ்சாறு விரற்கடை இடைவெளி. கால் தொங்குது.

"சீட்டு பாதிதான் தம்பி. காலு தொங்குனா தொடைக்கு அடியில சீட்டோட விளிம்பு வெட்டும். வெட்டுறது தாங்காம முன்னால நகருவாங்க. நகர்ந்தா வழுக்கத்தான் செய்யும். மொதல்ல வெல்டிங் கடையில குடுத்து அந்தத் தகட்டை மேல தூக்குங்க."

ரெண்டு மாசமா நான் படிச்ச எந்த விமர்சனத்துலயும் இது இல்லை. பின்னாடி உட்காருறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின் சக்கரத்துல பாதியாவது மூடுற தடுப்பு இருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்லுது. சேலையும் துப்பட்டாவும் சக்கரத்துல சிக்கக் கூடாதுங்கிறதுதான் காரணம். கட்டை இருக்கணும்னு விதி சொல்லுது. அது எங்க உம்மா காலுக்கு எட்டணும்னு யார் சொல்றது?

அப்புறம் சீட்டுக்கு வந்தார். பழைய பஞ்சை ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்தார். கடையில கை வச்சுப் பாத்து மெத்துனு இருக்கிற சீட்டை நாம வாங்கிடுறோம், அதுதான் தப்பாம். மெத்துனு இருக்கிறது பத்து நிமிஷத்துல அமுங்கித் தட்டுல இடிக்கும். அடியில கெட்டிப் பஞ்சு, மேல ஒரு விரல் உயரத்துக்கு மட்டும் மிருதுவானது. பின் சீட்டோட கூன் முதுகைச் சீவித் தட்டையாக்கணும், இடது விளிம்பை மழுக்கணும், சுண்ணாம்புக்கட்டியால உம்மா உட்கார்ந்த இடத்தைச் சுத்திக் கோடு போட்டுக்கிட்டார்.

கலிஃபோர்னியாவுல ஹாலிஸ்டர்னு ஒரு ஊர்ல கோர்பின்னு ஒரு சீட்டு கம்பெனி இருக்கு, 1960-கள்ல இருந்து இந்தத் தொழில்ல. முன்கூட்டி நேரம் வாங்கிட்டு வண்டியோட அங்க போனா, உங்களை உட்கார வச்சுப் பாத்து, அன்னிக்கே சீட்டு செஞ்சு கொடுப்பாங்க. அமெரிக்காவுல ஆயிரக்கணக்கான மைல் ஓட்டிட்டு அதுக்குன்னே போறவங்க இருக்காங்க. நம்ம அண்ணன் அதேதான் செய்றார். ஒரே வித்தியாசம், அன்னிக்கே கொடுக்க மாட்டார்.

"வியாழக்கிழமை வாங்க"ன்னார். எந்த வியாழக்கிழமைன்னு நான் கேட்டிருக்கணும். முதல் வியாழன், டிராக்டர் சீட்டு அவசரம். ரெண்டாவது வியாழன் கடை பூட்டு, சொந்தத்துல சாவு. மூணாவது, பஞ்சு வரலை. இங்க டிக்கெட் எண் கிடையாது, 48 மணி நேர விதி கிடையாது. டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து பேசுறது ஒண்ணுதான் வழி. பில்லும் கிடையாது. செஞ்சு தரலைன்னா எதை வச்சு நான் எங்க போய்க் கேக்க முடியும்? குஷன் கடையைப் பத்தி உருகி உருகி எழுதுறவங்க இதைச் சொல்ல மாட்டாங்க, அதனால நான் சொல்லிடுறேன்.

நாலாவது வியாழன் கிடைச்சது. தையலோட 1,600 ரூபாய், வெல்டிங்குக்குத் தனியா 250. ஐப்பசி மழையில முதல் தடவையே தையல் வழியா தண்ணி இறங்கிடுச்சு, உட்கார்ந்தா பிழிஞ்ச துணி மாதிரி. கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு முகம் மாறிடுச்சு. என்கிட்ட எதுவும் பேசலை. தன் தையலைத் தானே விரலால தடவிப் பாத்துக்கிட்டார். "நில்லுங்க"ன்னு சொல்லி, அங்கேயே பிரிச்சு, பஞ்சுக்கு மேல பிளாஸ்டிக் ஷீட்டு போட்டு, திரும்பத் தைச்சார். ஒன்றரை மணி நேரம். காசு நீட்டினேன், வாங்கலை.

ஆன்லைன் பணமும் வந்தது, நாப்பத்தியோராவது நாள். கூரியர் செலவைப் பிடிச்சுக்கிட்டு மீதி. சீட்டை எடுத்துட்டுப் போக மட்டும் இன்னும் யாரும் வரலை. பரண் மேல இருக்கு. நாகூர், நாகப்பட்டினம் பக்கம் யாராவது பழைய கிளாசிக் வச்சிருந்தா சொல்லுங்க, சும்மாவே தரேன். கம்பெனி கேட்டா கொடுத்துடணும், அது மட்டும் ஒப்பந்தம்.

சீட்டு வந்த அன்னிக்கு உம்மாவை ஏத்திக்கிட்டு காரைக்கால் கிளம்பினேன். உம்மா ஏறி, காலைத் தகட்டு மேல வச்சு, ரெண்டு தடவை அமுக்கிப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லலை. வாஞ்சூர் வேகத்தடை வந்தது. நான் அநியாயத்துக்கு மெதுவாக்கினேன். பின்னாடியிலிருந்து தோள்ல ஒரு தட்டு: "என்ன உருட்டுறா? அவ சோறாக்கி வச்சுட்டு உக்காந்திருப்பா. போ."